அடுப்பு மேடையின் உயரம்

துணிப்பைக்குள் கையை விட்டு வீட்டு இரும்பு வாணலியை எடுத்து, கடையில் காட்சிக்கு வைத்திருந்த புது அடுப்பின் மேல் அண்ணன் வைத்ததும் விற்பனைப் பெண் ஓடிவந்தாள்.

"சார் சார், கண்ணாடி சார்!"

"கண்ணாடின்னு தெரியும்மா. வீட்டுலயும் இதத்தானே வைக்கப் போறோம்? உடையறதா இருந்தா இங்கயே உடைஞ்சிரட்டும்."

சிரிப்பதா மேலாளரைக் கூப்பிடுவதா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குள் பையிலிருந்து சோற்றுப் பானை வந்தது. பிறகு பால் குண்டான். மூன்று பர்னர்களிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் விரல் நுனியால் தட்டிப் பார்த்தார். லிப்ட் மெக்கானிக்காகவே காலம் கழித்த கை அது. எதைத் தொட்டாலும் முதலில் ஆடுகிறதா என்றுதான் பார்க்கும்.

தங்கை சற்றுத் தள்ளி, வரிசையாக நின்ற ஃப்ரிட்ஜ்களைப் பார்த்தபடி, யாரோ எவரோ என்பது போல நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ குள்ளி, இங்க வா."

"கடையில வச்சு அப்படிக் கூப்பிடாதண்ணா."

"சரி. மேடம், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

விற்பனைப் பெண் இப்போது தைரியமாகவே சிரித்தாள். தங்கை வந்து அடுப்பின் முன்னால் நின்றாள். அண்ணன் அவளுடைய வலது முழங்கையைப் பிடித்து மடக்கி, வாணலிக்கு மேல் கொண்டுபோய் வைத்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முழங்கைக்கும் வாணலி விளிம்புக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தார். அந்த உயரமான உடம்பு அப்படிக் குனிவதற்குள் மூச்சு வாங்கியது.

"பழைய அடுப்பு மேடைக்கு மேல கால் ஊன்றி நிக்குது. இது மேடையோட மேடையா உக்காந்துரும். முக்கால் சாண் மிச்சம். உனக்கு ஏறி நிக்கப் பலகையே வேணாம்."

"எனக்கு எதுக்கு இப்ப?"

அவர் விற்பனைப் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏம்மா, பால் பொங்கித் தீ அணைஞ்சு போச்சுன்னா கேஸ் தானா நின்னுடுமா?"

"இந்த மாடல்ல நின்னுடும் சார். அந்தப் பக்கம் இருக்கறதுல அந்த வசதி இல்ல. ஆனா அது நாலு பர்னர், விலையும் ஒண்ணுதான்."

"அப்ப இதுதான். இவ பால அடுப்புல வச்சுட்டுப் பேப்பர் படிக்கப் போயிடுவா."

"நான் எப்பண்ணா பால் வச்சேன்?"

"இனிமே வைப்பேல்ல" என்றார் அண்ணன், ஒரு திருகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

அவள் குண்டானை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

கல்லை வெட்டி மேடையில் பதிக்கிற அடுப்பு என்றாலே அவருக்கு ஆகாது. தெருவில் யார் வீட்டில் வாங்கினாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து குறை சொல்வார். "கட்டின பல்லு மாதிரி அது. கழட்டிக் கழுவ முடியுமா, தூக்கிப் பாக்க முடியுமா?" என்பார். அப்படிப்பட்டவர் போன வாரம் காலையில் திடீரென்று, அடுப்பு மாற்றலாம் என்றார். பழையதில் வாடை வருகிறதாம். அவளுக்கு ஒரு வாடையும் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம் அவருடைய இதய மாத்திரைகளில் ஒன்று மாறியிருந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தலை நரைக்கும்வரை மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. புது அட்டையைப் பார்த்த பிறகு அவளுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை ஆள் வந்து மேடையை வெட்டிப் பொருத்திக் கொடுப்பார் என்றார்கள். பாத்திரப் பையை அவர் தூக்கப் போனார். அவள் முந்திக்கொண்டாள். வழக்கமாக அதற்கொரு சண்டை நடக்கும். அன்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

வீடு வந்ததும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைத் தளர்த்திக்கொண்டார். மாலை வெயில் ஜன்னல் வழியாக அவர் முழங்கால் வரை வந்திருந்தது.

"இன்னிக்கு நீ டீ போடு."

"நானா?"

"அதுல என்ன? தண்ணி, பாலு, தூளு. மருந்து கலக்கினவதானே நீ."

சுவரோரமாக நின்ற பலகையைக் காலால் நகர்த்திப் போட்டு ஏறினாள். இந்த மேடையை அண்ணன் தன் இடுப்புக்குச் சரியாகக் கட்டச் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சு வரை வரும். 'எனக்கு எட்டாது' என்ற ஒரே பதிலில் இத்தனை வருஷம் சமையலிலிருந்து தப்பித்து வந்தாள். அந்தப் பதில் அவருக்கும் பிடித்தே இருந்தது.

"தண்ணி கொதிச்சுதா?"

"லேசா."

"லேசான்னா கொதிக்கலன்னு அர்த்தம். அவசரப்படாத. மேல வர்ற குமிழு சின்னதா இருக்கா, பெருசா இருக்கா?"

"தெரியலயே. இங்கேர்ந்து விளிம்புதான் தெரியுது."

பின்னால் அவர் சிரிப்பது கேட்டது. "வியாழக்கிழமை தெரியும்" என்றார்.

அவள் தூளைப் போட்டாள். நிறம் இறங்குவதற்காக நின்றாள். பாலை ஊற்றினாள். பொங்கி வந்தபோது தீயைக் குறைத்ததில் அவளுக்கே ஒரு பெருமை.

"சக்கர எவ்வளவுண்ணா?"

பதில் இல்லை.

"அண்ணா, சக்கர?"

டீ சத்தமில்லாமல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முதலில் திருகைத் திருப்பி அடுப்பை அணைத்தாள். பலகையின் மேல் அப்படியே சிறிது நேரம் நின்றாள். அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

*

வெளியூரிலிருந்து தம்பி மறுநாள் விடியற்காலை ரயிலில் வந்து சேர்ந்தான். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தவன் அண்ணனின் காலருகே போய் உட்கார்ந்தான். கூடத்தில் கிடத்தியிருந்த உடம்பின் பாதங்கள் கட்டிலைத் தாண்டி வெளியே நீண்டிருந்தன. அவன் அந்தப் பாதங்களைப் போர்வைக்குள் இழுத்துவிட்டான். அப்போது தோள்பக்கம் போர்வை போதவில்லை. மறுபடி மேலே இழுத்தான். பாதங்கள் வெளியே வந்தன.

"விடுடா. அவரு என்னிக்குப் போர்வைக்குள்ள அடங்கினாரு" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இருவரையும் வற்புறுத்தி ஆளுக்கொரு வாய் சாப்பிட வைத்தாள். வண்டி வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் தம்பி சுவரில் சாய்ந்துகொண்டு, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னான்.

"மண்ணெண்ணெய் ஸ்டவ் ஞாபகம் இருக்காக்கா?"

எப்படி மறக்கும்? அம்மா போனபோது தம்பிக்கு ஷூ நாடா கட்டத் தெரியாது. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். ஒரே அறை. மூலையில் அந்த ஸ்டவ். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லிப்ட் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்த புதிது. விடிவதற்குள் எழுந்து, நீளக் கால்களை மடக்க இடமில்லாமல் ஸ்டவ்வின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சோறு வடிப்பார். திரிகளில் ஒன்று மட்டும் எப்போதும் சண்டித்தனம் பண்ணும். மஞ்சளாக எரிந்து பானையைக் கரியாக்கும். அந்தத் திரிக்கு அண்ணன் வீட்டுச் சொந்தக்காரரின் பெயரை வைத்திருந்தார். "ஐயா இன்னிக்குக் கோவமா இருக்காரு" என்று அதை ஊசியால் குத்துவார். மூன்று பேரும் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்போது அண்ணனின் தலையும் அவர்களுடைய தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவளுடைய பாடப் புத்தகங்களில் மண்ணெண்ணெய் மணம் ஏறியிருந்தது. பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்று அதற்காக அழுதாள். பின்னாளில் எங்காவது அந்த மணம் வந்தால் நின்று மூச்சை இழுத்துவிட்டு நடப்பாள்.

"கேஸ் வந்த அன்னிக்கு?" என்றாள்.

"நம்மள வாசலுக்கு வெளிய நிக்க வச்சாரே."

"நிக்க வச்சுட்டு, கைய நீட்டிப் பத்த வச்சுட்டு, அவரே கத்தினாரு."

"நான் ஓடியே போயிட்டேன்" என்றான் தம்பி. "தெருமுனை வரைக்கும்."

அண்ணன் போய் அவனைத் தோளில் தூக்கிவந்தார். ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் அந்த நீலத் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கரி இல்லை, புகை இல்லை, குத்துவதற்கு ஊசி தேவையில்லை. "இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்று தம்பி கேட்டான். அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "இது நல்லாத்தானே எரியுது, பேரு எதுக்கு?" என்றார்.

அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. கல்யாணமாகிப் போனவள் இரண்டு வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்து நின்ற காலை. அண்ணன் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். வாசலில் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு இன்னொரு முட்டையை எடுத்து உடைத்து ஊற்றினார். ஏன் வந்தாய் என்று அன்றும் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை.

வண்டி வந்தது. அண்ணனோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் ஏழெட்டுப் பேர் தூக்க வந்திருந்தார்கள். வண்டியின் கதவைச் சாத்த முடியவில்லை. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்கள், அப்போதும் முடியவில்லை. கம்பெனியில் அண்ணனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு மிக நெருங்கிய சிநேகிதர், கட்டை மீசைக்காரர், கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏணிய எப்படிடா உள்ள ஏத்துறது, இவன் வெளிய நீட்டிக்கிட்டுத்தான் வருவான்" என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சொன்னவர் மட்டும் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். கடைசியில் கதவைத் திறந்தபடியே கயிற்றால் கட்டிக்கொண்டு வண்டி மெதுவாகப் போயிற்று.

*

வியாழக்கிழமையை அவள் மறந்தே போயிருந்தாள்.

தம்பி கூடத்தில் உட்கார்ந்து, மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தனியா எப்படிக்கா இருப்ப? என்னோட வந்துரு. என் வீட்டுக்காரியும் அதத்தான் சொல்றா. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. இந்த வீட்ட வித்துரலாம், இல்ல வாடகைக்கு விட்டுரலாம். அவசரம் இல்ல. ஆனா நீ இங்க தனியா வேணாம்."

"ம்."

"உனக்கு ஒரு டீ கூடப் போடத் தெரியாது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொன்னதற்காக அவன் வருந்தியது முகத்தில் தெரிந்தது. நல்ல மனசுக்காரன். அம்மா முகமே நினைவில்லாதவன், அண்ணன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் வீட்டிலும் அவளை நன்றாகவே வைத்துக்கொள்வார்கள். வேளாவேளைக்கு மாடிக்குத் தட்டு வரும்.

அப்போதுதான் வாசலில் வண்டி நின்றது. அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவன் படியேறி வந்தான். "சார் இருக்காரா? அடுப்பு மாட்ட வந்திருக்கேன்."

தம்பி எழுந்து வாசலை மறித்தாற்போல் நின்றான். தணிந்த குரலில் ஏதோ சொன்னான். அடுப்புக்காரன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"அடடா. அன்னிக்குக் கடையில என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினாரே. மேடை எப்படிக் கட்டினது, அடியில பலகையா, செங்கல்லான்னு எல்லாம் அவரே சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "பரவால்ல சார், நான் கடையில சொல்லித் திருப்பி எடுத்துக்கச் சொல்றேன். பெட்டியே பிரிக்கல" என்றான்.

"அதான் நல்லது" என்றான் தம்பி.

"உள்ள எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அக்கா, கல்லு. வெட்டினா வெட்டினதுதான். ஒட்ட வைக்க முடியாது. நீ எங்கூட வந்துட்டன்னா, எதுக்கு இத வீணா…"

"அளவு எடுத்தாச்சுடா."

"எந்த அளவு?"

"எனக்கு."

தம்பிக்குப் புரியவில்லை. ஆனால் அவள் குரலில் இருந்த எதையோ கேட்டு வாசலைவிட்டு நகர்ந்தான்.

சமையலறையில் அடுப்புக்காரன் பழைய அடுப்பின் குழாயைக் கழற்றி, அதைத் தூக்கிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான். மேடையின் மேல் அளவுத் தாளை விரித்தான். எவ்வளவு உள்ளே தள்ளி வெட்டுவது என்று கேட்டான். அவள் பலகையை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் நின்றாள். முழங்கையை மடக்கி மேடையின் மேல் நீட்டினாள். விரல் நுனி எங்கே சிரமமில்லாமல் போய் நின்றதோ அங்கே அவன் பென்சிலால் கோடு போட்டான்.

"இன்னும் கொஞ்சம் முன்னால வரட்டுமா மேடம்?"

அவள் இன்னொரு முறை கையை நீட்டிப் பார்த்தாள். அண்ணன் பிடித்து மடக்கிய இடம் முழங்கையில் இன்னும் இருப்பது போலிருந்தது.

"ரெண்டு விரல்."

இயந்திரம் கத்தத் தொடங்கியது. வெள்ளைத் தூசி சமையலறை முழுவதும் எழுந்தது. "யாராச்சும் தண்ணி ஊத்துங்க, சூடாயிடும்!" என்று அவன் சத்தத்துக்கு மேல் கத்தினான். அவள் குவளையைத் தேடினாள். அதற்குள் தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தான். குழாயில் குவளையை நிரப்பி, வெட்டும் கோட்டின் மேல் ஒரே சீராக ஊற்றினான். நிரப்பினான், ஊற்றினான். தூசி அவன் தலையிலும் மீசையிலும் படிந்து, சற்று நேரத்தில் அவன் அண்ணனைவிட மூத்தவன் போல ஆகிவிட்டான். கண்ணைத் துடைக்க இரண்டு கையும் ஒழியவில்லை. அவள் முந்தானை நுனியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவன் கையை நிறுத்தவில்லை.

வெட்டிய துண்டை இருவருமாக நெம்பி எடுத்தார்கள். மேடையில் ஒரு சதுரப் பள்ளம். அதன் வழியாகக் கீழ் அலமாரியின் இருட்டு தெரிந்தது. அடுப்புக்காரன் விளிம்பை உரசி, ரப்பர் ஒட்டி, புது அடுப்பை மெல்ல இறக்கினான். அது ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. குழாயைப் பூட்டி, சோப்பு நுரை தடவிக் கசிகிறதா என்று பார்த்தான். ஒவ்வொரு திருகாகத் திருப்பினான். மூன்றும் எரிந்தன.

"நீங்க ஒரு தடவ போட்டுப் பாருங்க மேடம்."

அவள் போட்டாள். பிறகு அணைத்தாள். மறுபடி போட்டாள்.

"பழைய அடுப்ப நான் எடுத்துக்கட்டுமா? கடையில சொல்லியிருக்காங்க."

"எடுத்துக்கங்க."

"இந்தக் கல்லு?"

தம்பி அவளைப் பார்த்தான். அவள் யோசித்துவிட்டு, "பின்னால வச்சுட்டுப் போங்க" என்றாள்.

அடுப்புக்காரன் போன பிறகு தம்பி துடைப்பத்தை எடுத்தான். அவள் ஈரத்துணியால் மேடையைத் துடைத்தாள். இடையில் அவன் தும்மினான், அவளும் தும்மினாள்.

"சாயங்கால வண்டிக்குப் போகணும்" என்றான் அவன், குப்பையை அள்ளிக்கொண்டே.

"போயிட்டு வா."

"மாசா மாசம் வருவேன்."

"வா."

"வந்தா சாப்பாடு?"

"பருப்பு, சோறு. வேற ஒண்ணும் தெரியாது. அதுவும் இனிமேதான் கத்துக்கணும்."

"குழைஞ்சு போனாலும் சாப்பிடுவேன்" என்றான் அவன். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, தலையில் இருந்த தூசியைக் கழுவக் குளியலறைக்குப் போனான்.

அவள் பின்கதவைத் திறந்தாள். வெட்டி எடுத்த கல் சுவரில் சாய்ந்து நின்றது, முழுக்க வெள்ளைச் சேறு. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் மேல் ஊற்றி, கையாலேயே தேய்த்தாள். சேறு கரைந்து ஓடியது. கல்லின் கறுப்பு மெல்ல வெளியே வந்தது. அதில் நான்கு மூலைகளிலும், நாணயம் அளவில், நான்கு வெளிறிய வட்டங்கள் இருந்தன. பழைய அடுப்பின் ரப்பர் கால்கள் இத்தனை வருஷமாக நகராமல் ஊன்றி நின்ற இடங்கள்.

கட்டை விரலால் அவற்றில் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

உள்ளே குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெயிலில் அது மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டு வந்தது.